பெயரை விற்கக் கற்றுக்கொடுத்த பெண்: லூசி டஃப் கோர்டனின் கதை

பிரபலம் ஒருவர் தன் பெயரில் வியாபாரம் தொடங்குகிறார் என்று செய்தி வந்தால், அது பெரும்பாலும் வாசனைத் திரவியமாக இருக்கும். இல்லாவிட்டால் உள்ளாடையாக இருக்கும். அவுஸ்திரேலிய மொடல் எல் மக்பர்சன் 1990இல் தன் பெயரில் உள்ளாடைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தயாரித்தது நியூசிலாந்து நிறுவனம் ஒன்று. பாடகி ரிஹானா 2018இல் தொடங்கினார். கிம் கர்தாஷியன் 2019இல் தொடங்கினார். டென்னிஸ் வீரர் பியோன் போர்க்கின் பெயரில் ஆண்களுக்கான உள்ளாடைகள்கூட விற்கின்றன.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது, விளம்பரம் பற்றிய பாடத்தில் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. வெளியே யாருக்கும் தெரியாத ஓர் ஆடைக்கு ஊரறிந்த ஒருவரின் பெயர் எதற்கு? பதில் தேடி வாசித்துக்கொண்டு போன இடத்தில்தான் லூசி டஃப் கோர்டன் கிடைத்தார். 1935இல் இறந்துபோன பிரித்தானியப் பெண். டைட்டானிக் கப்பலிலிருந்து தப்பியவர் என்ற வகையில் அவருடைய பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் இன்று பிரபலங்கள் செய்யும் இந்த வியாபாரத்தின் கிட்டத்தட்ட எல்லாப் படிகளையும் அவர் நூறு வருடங்களுக்கு முன்னரே ஏறி, இறங்கி, விழுந்தும் முடித்துவிட்டார்.

தாய் வீட்டில் தொடங்கிய தையல்

லூசி சதர்லாண்ட் 1863இல் லண்டனில் பிறந்தார். பொறியியலாளரான தகப்பன், பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோதே இறந்துபோனார். இளம் விதவையான தாய் லூசியையும் தங்கை எலினரையும் கூட்டிக்கொண்டு கனடாவின் ஒன்ராறியோவில் இருந்த தன் பெற்றோரிடம் போனார். தாய் மறுமணம் செய்த பிறகு குடும்பம் ஜேர்சித் தீவுக்கு வந்தது. தங்கை பின்னாளில் எலினர் கிளின் என்ற பெயரில் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஆனார். அக்கா சிறுவயதில் பொம்மைகளுக்குச் சட்டை தைத்தார்.

1884இல் லூசிக்குத் திருமணம் நடந்தது. அடுத்த வருடம் ஒரு பெண் குழந்தை. கணவர் குடிப்பழக்கம் உள்ளவர். குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். முப்பது வயதை எட்டும் நேரத்தில் லூசியின் கையில் இருந்தது ஒரு பிள்ளையும் விவாகரத்து வழக்கும்தான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் விவாகரத்தான பெண்ணை மேல்தட்டுச் சமூகம் இலகுவில் வீட்டுக்குள் எடுக்காது.

அவர் தாயின் வீட்டில் இருந்தபடி தெரிந்த பெண்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கத் தொடங்கினார். போருக்குப் பிறகு எங்கள் ஊர்களில் எத்தனையோ பெண்கள் தொடங்கிய அதே இடம்: ஒரு பிள்ளை, ஒரு ஊசி, அயலில் இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள். ஆனால் லூசிக்கு இருந்த ஒரு வசதி எங்கள் பெண்களுக்கு இருக்கவில்லை. அவருடைய தாய்க்கும் தங்கைக்கும் பணக்கார வீடுகளோடு பழக்கம் இருந்தது. ஒருவர் உடுத்த உடுப்பைப் பார்த்து மற்றவர் வந்தார். 1894 அளவில் லண்டனின் மேற்குப் பகுதியில் சொந்தக் கடை. கடைக்கு அவர் வைத்த பெயர் லூசீல்.

உள்ளாடைக்கு ஒரு அறை

அந்தக் காலத்தில் மரியாதையான குடும்பத்துப் பெண்ணின் உள்ளாடை என்றால் தடித்த வெள்ளைத் துணி, கம்பளித் துணி, இடுப்பை இறுக்கிக் கட்டும் கோர்செட். நிறமும் லேஸும் பட்டும் நாடகக்காரிகளுக்கும் ‘அந்த மாதிரி’ப் பெண்களுக்கும் உரியவை என்று நினைத்தார்கள். லூசீல் இந்தக் கோட்டை அழித்தார். மெல்லிய சிபோன், பட்டு, லேஸ், இளம் நிறங்கள் கொண்டு உள்ளாடைகளும் இரவு உடைகளும் தைத்தார். ஹனோவர் சதுக்கத்தில் இருந்த அவருடைய பெரிய கடையில் இதற்கென்றே ரோஜா நிறத்தில் ஒரு அறை இருந்தது. பிரபுக்களின் மனைவிமார் வந்தார்கள். முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். அந்த முகச்சுளிப்பும் விளம்பரம்தான்.

இங்கேதான் என் கேள்விக்கான முதல் பதில் இருக்கிறது. மேலே உடுத்தும் ஆடையை மற்றவர்கள் பார்ப்பதற்காக வாங்குகிறோம். உள்ளாடையை வாங்குபவர், தன்னைப் பற்றித் தான் என்ன நினைக்க விரும்புகிறாரோ அதற்காகவும் வாங்குகிறார். துணி கொஞ்சம்தான், அதோடு சேர்த்து விற்கப்படும் நினைப்புத்தான் பெரிது. அழகுக்கும் துணிச்சலுக்கும் பெயர்போன ஒருவரின் பெயர் அதில் இருந்தால், அந்த நினைப்புக்கு விலை கூடும். லூசி இதை நன்றாக விளங்கிவைத்திருந்தார். தன் ஆடைகளுக்கு இலக்கம் போடாமல் காதல், ஏக்கம், பெருமூச்சு என்று உணர்ச்சிகளைச் சொல்லும் பெயர்களை வைத்தார்.

உடுப்புகளைப் போட்டுக்காட்ட லண்டனின் ஏழைக் குடும்பங்களிலிருந்து உயரமான இளம் பெண்களைத் தேர்ந்தெடுத்து, நடக்கவும் நிற்கவும் பழக்கினார். மேடை, விளக்கு, இசை, அழைப்பிதழ் எல்லாம் உண்டு. இன்றைய மொடல் அணிவகுப்புக்கு வழி திறந்தவர்களில் அவர் முக்கியமானவர். அந்தப் பெண்களின் சொந்தப் பெயர்களை எடுத்துவிட்டு அவரே புதுப் பெயர்களை வைத்தார். அவர்களில் டொலோரஸ் என்று அவர் பெயர் வைத்த ஒருத்தி பின்னர் நியூயோர்க் மேடைகளில் புகழ்பெற்றாள். பெயர் மாறினால் விலை மாறும் என்பதை அவர் முதலில் பரிசோதித்தது துணியில் அல்ல, மனிதர்களில்.

1900இல் சேர் கொஸ்மோ டஃப் கோர்டனைத் திருமணம் செய்தார். தையல் கடைக்காரியின் பெயருக்கு முன்னால் ‘லேடி’ என்ற பட்டம் வந்து சேர்ந்தது. 1907இல் லண்டன் மேடையில் நடிகை லிலி எல்சிக்கு அவர் வடிவமைத்த உடைகளும் அகன்ற தொப்பியும் ஊரெல்லாம் பரவின. 1910இல் நியூயோர்க், 1911இல் பாரிஸ் என்று கிளைகள் திறந்தன.

பன்னிரண்டு பேர் இருந்த படகு

1912 ஏப்ரலில் வியாபார வேலையாக நியூயோர்க் போகவேண்டியிருந்தது. கணவரோடும் செயலாளரோடும் டைட்டானிக் கப்பலில் ஏறினார். பயணத்தில் அவர்கள் பயன்படுத்திய பெயர் மோர்கன். கப்பல் மூழ்கிய இரவில் மூவரும் முதலாம் இலக்க உயிர்காப்புப் படகில் தப்பினார்கள். 40 பேருக்கு இடமிருந்த அந்தப் படகில் இருந்தவர்கள் 12 பேர். அவர்களில் ஏழு பேர் கப்பல் ஊழியர்கள். கடலில் சுமார் 1,500 பேர் இறந்துகொண்டிருந்தபோது அந்தப் படகு திரும்பிப் போகவில்லை. உடைமைகளை இழந்த ஊழியர்களுக்குக் கொஸ்மோ ஆளுக்கு ஐந்து பவுண்ட் கொடுத்தார். திரும்பிப் போகாமல் இருக்கக் கொடுத்த லஞ்சம் என்று பத்திரிகைகள் எழுதின.

கப்பல் மறைந்த சற்று நேரத்தில், செயலாளரின் அழகான இரவு உடை போய்விட்டதே என்று லூசி சொன்னதாக ஒரு கதையும் சேர்ந்துகொண்டது. உள்ளாடையால் பெயர் எடுத்தவரைப் பற்றிய கதை என்பதால் அது வேகமாகப் பரவியது. பிரித்தானிய விசாரணைக் குழு பயணிகளில் இந்தத் தம்பதியரை மட்டுமே சாட்சி சொல்ல அழைத்தது. லஞ்சக் குற்றச்சாட்டு அடிப்படையற்றது என்று குழு முடிவுசெய்தது. ஆனால் படகு திரும்பிப் போயிருந்தால் சிலரைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னது.

தப்பிவந்தவரிடம் ஏன் தப்பினாய் என்று கேட்பது எவ்வளவு கொடுமையானது என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இருட்டில், குளிரில், படகில் இருந்தவர்களின் மனதை வீட்டில் இருந்துகொண்டு அளக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் அந்தப் படகில் 28 இடங்கள் வெறுமையாக இருந்தன என்பது எந்த விளக்கத்தாலும் மாறாது. கொஸ்மோ பிறகு பொதுவாழ்வில் தலைநிமிரவில்லை. லூசியோ அமெரிக்காவில் வியாபாரத்தை இன்னும் பெருப்பித்தார். கெட்ட பெயரும் பெயர்தான் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

பெயர் மட்டும் போதும்

1915 அளவில் லூசியின் பெயரைத் தங்கள் பொருட்களில் போட நிறுவனங்கள் போட்டிபோட்டன. பிரா, வாசனைத் திரவியம், சப்பாத்து என்று பட்டியல் நீண்டது. மோட்டார் காரின் உட்புற அலங்காரத்துக்கும் அவர் பெயர் போனது. இந்தப் பெயர் வியாபாரத்தைக் கவனிக்க ஒட்டிஸ் வூட் என்ற முகவரோடு அவர் ஒப்பந்தம் செய்தார். அவருடைய பெயரைப் பயன்படுத்த அனுமதி விற்கும் உரிமை முழுவதும் வூட்டுக்கு. இலாபத்தில் இருவருக்கும் பாதிப் பாதி.

ஆனால் லூசி வூட்டுக்குத் தெரியாமல் வேறு இடங்களுக்கும் பெயரைக் கொடுத்தார். தபாலில் பொருள் விற்கும் சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் விற்பனைப் புத்தகத்தில் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் அவருடைய ஆடைகள் வந்தன. வூட் வழக்குப் போட்டார். தனக்காக எதையும் செய்வதாக வூட் வாக்குக் கொடுக்கவேயில்லை, எனவே அது ஒப்பந்தமே அல்ல என்று லூசியின் தரப்பு வாதிட்டது. 1917இல் நியூயோர்க்கின் உயர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வூட்டின் பக்கம் தீர்ப்பளித்தது. வெளிப்படையாக எழுதாவிட்டாலும் நியாயமான முயற்சி எடுப்பதாக வூட் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பது அதன் பொருள்.

நீதியரசர் பெஞ்சமின் கார்டோசோ எழுதிய அந்தத் தீர்ப்பை அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஒரு பொருள் இவருடைய பெயரில் வந்தால் மக்கள் மனதில் அதற்குப் புது மதிப்பு உண்டாகிறது என்று அவர் குறிப்பிட்டார். இன்று பிரபலங்களின் உள்ளாடை நிறுவனங்கள் நிற்கும் அடித்தளம் அதுதான். பிரபலத்துக்குத் தொழிற்சாலை வேண்டாம். துணி வெட்டத் தெரியவேண்டாம். தயாரிப்பவர் வேறு, முதலீடு போடுபவர் வேறு. பிரபலம் கொண்டுவருவது பெயரும் அதன் பின்னால் வரும் இரசிகர் கூட்டமும். உள்ளாடை பழுதாகும், திரும்ப வாங்கவேண்டும்; ஒருமுறை பிடித்துப்போனால் ஆட்கள் இலகுவில் மாறமாட்டார்கள். பெயரை விற்க இதைவிடத் தோதான பொருள் குறைவு.

தைத்தது யார்?

லூசியின் வீழ்ச்சியும் பெயரால்தான் வந்தது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு பெண்கள் நேரான, எளிய உடைகளுக்கு மாறினார்கள். நிறுவனம் மற்றவர்களின் கைக்குப் போனது. 1922இல் அவர் அதற்கு வடிவமைப்பதை நிறுத்தினார். அவருடைய பெயரில் வந்த பல ஆடைகளை நீண்ட காலமாக உதவியாளர்களே வடிவமைத்தார்கள் என்ற உண்மையும் வெளியே வந்தது. பின்னாளில் பெரும் வடிவமைப்பாளரான எட்வர்ட் மொலினோ அந்த உதவியாளர்களில் ஒருவர். கடைசி வருடங்களில் லூசி பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். 1932இல் வந்த அவருடைய சுயசரிதை நன்றாக விற்றது. கணவர் இறந்து சரியாக நான்கு வருடங்களின் பின், 1935 ஏப்ரல் 20 அன்று, மார்பகப் புற்றுநோயால் லண்டனில் இறந்தார். வயது 71.

இந்த வரலாற்றை ஒரு லண்டன் சீமாட்டியின் கதையாக மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. உலகின் பெரிய உள்ளாடைப் பெயர்கள் பலவற்றுக்குத் தைத்துக் கொடுக்கும் நாடு எங்கள் நாடு. போருக்குப் பிறகு வன்னியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. விடியமுன் பேருந்து பிடித்து வேலைக்குப் போகும் பெண்கள் சிலரோடு ஒரு கட்டுரைக்காகக் கதைத்திருக்கிறேன். ஒரு பிராவில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு துண்டுகள் இருக்கலாம். ஒருத்தி பட்டி தைப்பாள், ஒருத்தி லேஸ் பொருத்துவாள், ஒருத்தி கொளுக்கி தைப்பாள். மணித்தியாலத்துக்கு இத்தனை என்று இலக்கு உண்டு. முழு உருப்படியை எந்த நாட்டில், என்ன விலைக்கு, யாருடைய பெயரில் விற்கிறார்கள் என்று நான் கதைத்தவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளையின் ரியூஷன் காசும் காணாமற்போனவருக்காக அலையும் பேருந்துக் காசும் போகிறது. அதனால் அந்த வேலையை நான் இழிவாகப் பேசமாட்டேன். அந்த விலையில் அவர்களுடைய பங்கு எவ்வளவு என்று கேட்பதை நிறுத்தவும் மாட்டேன்.

வூட் நீதிமன்றத்துக்குப் போய்த் தன் பாதியைக் கேட்டார், ஏனெனில் அவருடைய கையில் ஒப்பந்தம் இருந்தது. லூசி பெயருக்கு விலை கேட்டார், ஏனெனில் அவருக்குப் பெயர் இருந்தது. ஹனோவர் சதுக்கத்துக் கடையில் சிபோனுக்கு மடிப்பு வைத்துத் தைத்த பெண்களுக்கு இரண்டும் இருக்கவில்லை. லூசீல் என்ற சிட்டை தைத்த உடைகள் இன்று லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. அவற்றைத் தைத்தவர்களின் பெயர் சிட்டையில் இல்லை.