பருத்தி விதையோடு அந்தக் குட்டி பாக்கெட் ஏன்? 1924-லேயே கணக்குப் போட்ட ஹால்டேன்... யார் இவர்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பருத்தி போடுபவர்களுக்குப் பழக்கமான விஷயம்தான். பிடி பருத்தி வந்த காலத்தில், 450 கிராம் விதையோடு 120 கிராம் சாதா பருத்தி விதையும் தனி பாக்கெட்டாகக் கொடுத்தார்கள். வயலைச் சுற்றி அதை விதைக்கணும் என்பது விதி. நாடு முழுக்கப் பலர் விதைக்கவே இல்லை. புழு தின்பதற்கென்று யாராவது பயிர் வைப்பாங்களா?

ஆனால் அந்த பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கு அடிப்படை போட்டவர்களில் முக்கியமானவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாக இறந்தவர்.

அறிவியலில் டிகிரியே இல்லாத விஞ்ஞானி

1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்க விஷவாயுக்களை ஆராய்ந்தவர். பையனையும் சுரங்கத்துக்குள் கூட்டிப்போவார். ஹால்டேன் கல்லூரியில் படித்தது கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமும்தான். மரபியலை வீட்டில் தங்கை நவோமியோடு சேர்ந்து எலி வளர்த்துக் கற்றுக்கொண்டார். அந்த ஆய்வுக் கட்டுரை 1915-ல் வெளியானபோது அவர் முதல் உலகப்போர் களத்தில் இருந்தார். கூட எழுதிய நண்பர் ஸ்ப்ரன்ட் அதே போரில் உயிரிழந்தார்.

அந்துப்பூச்சி சொன்ன கணக்கு

டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு சரிதான், ஆனால் எவ்வளவு வேகத்தில் நடக்கும்? இதற்கு அப்போது பதில் இல்லை. ஹால்டேன் ஒரு அந்துப்பூச்சியை எடுத்துக்கொண்டார். மான்செஸ்டரில் 1848 வாக்கில் அபூர்வமாகத் தெரிந்த கறுப்பு ரகம், ஆலைப் புகை படிந்த அந்த ஊரில் சுமார் 50 வருஷத்தில் கிட்டத்தட்ட முழுசாகப் பரவிவிட்டது. அப்படியானால் வெளிர் நிறப் பூச்சியைவிடக் கறுப்புப் பூச்சி ஒன்றரை மடங்கு வாரிசுகளை விட்டுச் சென்றிருக்கணும் என்று 1924-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்க்காத வேகம் அது.

அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருந்தது. நமக்கு வேண்டியது அதுதான். எந்த மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் மட்டுமே வேலை செய்யும் மரபணு, அபூர்வமாக இருக்கும்வரை ரொம்ப மெதுவாகத்தான் பரவும். உதாரணத்துக்கு, 1,000 பிரதியில் ஒன்றுதான் அந்த ரகம் என்றால், இரண்டு பிரதியும் உள்ள பூச்சி 10 லட்சத்தில் ஒன்றுதான்.

காய்ப்புழு பிடியைத் தாங்குவதும் பெரும்பாலும் இப்படித்தான் என்பதே சாதா விதை விதியின் அடிப்படை. தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு பூச்சிகள் தங்களுக்குள் சேர்ந்தால் குஞ்சு முழுக்க எதிர்ப்புச் சக்தியோடு வரும். சாதா பருத்தியில் வளர்ந்த பூச்சியோடு சேர்ந்தால் குஞ்சுக்கு ஒரு பிரதிதான் கிடைக்கும். பிடி செடியைத் தின்றதும் செத்துப்போகும். புழுவுக்கு விட்டுக்கொடுத்த அந்த ஓரம், உண்மையில் மற்ற செடிகளுக்குப் போட்ட வேலி. 2002-ல் பிடி பருத்திக்கு அனுமதி. 2010-லேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ரகத்தைத் தாங்கிக்கொண்டது உறுதியானது. மருந்துச் செலவு மறுபடி விவசாயி தலையில்.

இந்தியா வந்தது ஏன்?

பிடி பருத்தியை ஹால்டேன் பார்க்கவில்லை. ஆனால் இந்திய வயல்களைப் பார்த்தார். சூயஸ் போரில் பிரிட்டன் நடந்துகொண்டதைக் கண்டித்து, 1957-ல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயோடு கொல்கத்தா வந்து, மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். சைவத்துக்கு மாறினார், குர்தா போட்டார். தான் ஆசிரியராக இருந்த மரபியல் ஆய்விதழையும் கூடவே கொண்டுவந்தார்.

கோடிக்கணக்கில் கருவி இல்லாமலும், எண்ணிப் பார்த்தே ஆராயலாம் என்பது அவர் கட்சி. தென்னையில் இடப்பக்கம் சுற்றுவது எத்தனை, வலப்பக்கம் எத்தனை என்று டி.ஏ. டேவிஸ் எண்ணினார். மாணவர் துரோணம்ராஜு ஆந்திராவில் சொந்தத்துக்குள் நடக்கும் கல்யாணங்களை ஆராய்ந்தார். தாய்மாமனைக் கட்டும் வழக்கம் நம்ம ஊர்ப்பக்கமும் உண்டே!

கொல்கத்தா நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் 1961-ல் விலகினார். மறு வருஷம் புவனேஸ்வரில் தனி ஆய்வுக்கூடம். அதற்கு இரண்டு வருஷம்தான் கிடைத்தது. 1964 டிசம்பர் 1-ல் புற்றுநோயால் இறந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. அந்த ஆய்விதழ் இன்றும் பெங்களூருவிலிருந்து வெளிவருகிறது.