அதோனிராம் ஜட்சன்

தாய்மொழியைப் பேணுதல் மக்கள் எல்லார்க்கும் இயல்பு. வேற்று நாட்டார் மொழியைத் தம் மொழியெனக் கொண்டு, அதற்கெனத் தம் வாழ்நாளை ஒப்புவித்தோர் மிகச் சிலரே. இத்தாலி நாட்டிலிருந்து வந்து தமிழுக்குச் சதுரகராதி அளித்த வீரமாமுனிவரை நாம் அறிவோம். அவரைப் போலவே, அமெரிக்காவில் பிறந்து பர்மிய மொழிக்குத் தொண்டாற்றிய அறிஞர் ஒருவர் இருந்தார். அவரே அதோனிராம் ஜட்சன். அவர் பெற்ற புகழ் பெரிது. அதற்காக அவர் இழந்தவை அதனினும் பெரியன.

பிறப்பும் கல்வியும்

ஜட்சன் 1788ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்து மால்டன் என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் கிறித்தவ சமய குரு. ஜட்சன் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது தந்தையார் வெளியூர் சென்றிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் அன்னையார் மகனுக்கு எழுத்தறிவித்து, விவிலியத்தில் ஓர் அதிகாரத்தைப் படித்துக் காட்டும்படி செய்துவிட்டார். தந்தையார் அதனைக் கேட்டுப் பெருவியப்பெய்தினார்.

பதினாறாம் வயதில் ஜட்சன் பிரௌன் கல்லூரியிற் சேர்ந்து, 1807ஆம் ஆண்டு தம் வகுப்பில் முதல்வராகத் தேறினார். அக்கல்லூரியில் அவருக்கு ஜேக்கப் ஈம்ஸ் என்னும் மாணவர் உயிர்நண்பரானார். ஈம்ஸ் கூர்த்த மதியினர். விவிலியத்தில் நம்பிக்கை இல்லாதவர். அவரது நட்பினால் ஜட்சனும் தம் பெற்றோர் நெறியினின்றும் விலகினார். 1808ஆம் ஆண்டு அதனைப் பெற்றோரிடம் வெளிப்படக் கூறிவிட்டு, நாடகம் எழுதிப் பொருளீட்டும் எண்ணத்துடன் நியூயார்க் நகருக்குச் சென்றார். எண்ணியது கைகூடவில்லை.

திரும்பும் வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கினார். அடுத்த அறையில் ஓர் இளைஞர் நோயுற்று உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். அவருடைய முனகல் ஒலியினால் ஜட்சனுக்கு உறக்கம் வரவில்லை. அவ்விளைஞர் சாவுக்கு ஆயத்தமாக இருக்கிறாரோ என்னும் வினா அவர் மனத்தை வாட்டியது. தம் நண்பர் ஈம்ஸ் இங்கிருந்தால் இவ்வச்சத்தைக் கண்டு நகைப்பார் என எண்ணித் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். பொழுது விடிந்ததும் விடுதிக்காரரை வினவினார். இளைஞர் இறந்துவிட்டார் என்றும், அவர் பெயர் ஜேக்கப் ஈம்ஸ் என்றும் அறிந்தார். அந்நொடியில் ஜட்சன் உற்ற அதிர்ச்சி அவர் வாழ்வின் போக்கையே மாற்றியது.

ஆண்டோவர் மாணவர்

கல்லூரிப் பட்டம் பெற்றோர் சமயநூல் பயில்வதற்கென ஆண்டோவர் என்னும் ஊரில் ஓர் உயர்கலைக் கழகம் அந்நாளில் புதிதாகத் தொடங்கப்பெற்றிருந்தது. ஐயம் முற்றும் தீராத நிலையிலேயே ஜட்சன் 1808ஆம் ஆண்டு அக்டோபரில் அதிற் சேர்ந்தார். எபிரேய மொழியையும் கிரேக்க மொழியையும் ஆழ்ந்து கற்றார். பயிலப் பயில ஐயம் அகன்றது. பின்னர் மைக்கேல் சைம்ஸ் என்பார் பர்மிய அரசவைக்குத் தூது சென்றதைப் பற்றி எழுதிய நூல் அவர் கைக்குக் கிட்டியது. அந்நூலைப் படித்ததிலிருந்து பர்மா நாட்டு நினைவே அவர் நெஞ்சில் நிறைந்தது.

பாஸ்டன் நகரின் பெரிய திருச்சபையொன்றில் அவருக்குப் பணி காத்திருந்தது. மகன் அருகிலேயே வாழ்வான் என எண்ணி அன்னையார் மகிழ்ந்தார். ஜட்சனோ அப்பணியை ஏற்க மறுத்து, தாம் செல்லவேண்டிய இடம் நெடுந்தொலைவில் உள்ளது எனக் கூறினார். அன்னையாரும் தமக்கை போன்ற அன்புடைய தங்கையும் கண்ணீர் வடித்தனர். அவர் உறுதி தளரவில்லை.

1810ஆம் ஆண்டு ஜட்சனும் அவருடன் பயின்ற மாணவர் சிலரும் செய்த வேண்டுகோளினால், அயல்நாடுகளுக்குச் சமயத் தொண்டரை அனுப்பும் அமெரிக்கக் கழகம் ஒன்று தோன்றியது. அடுத்த ஆண்டு இக்கழகத்தின் பொருட்டு இங்கிலாந்துக்குச் சென்றபோது, அவர் ஏறிய கப்பலைப் பிரெஞ்சுக் கலம் ஒன்று பிடித்துக்கொண்டது. அவர் பயோன் நகரச் சிறையில் அடைபட்டு, பின்னர்த் தப்பி இலண்டனை அடைந்தார்.

திருமணமும் கடற்பயணமும்

பிராட்போர்டு என்னும் ஊரினரான ஆன் ஹேசல்டைன் அம்மையாரை ஜட்சன் மணக்க விரும்பினார். அம்மையாரின் தந்தையாருக்கு அவர் எழுதிய மடலில் இனிய சொற்கள் எவையும் இல்லை. மகளை இவ்வுலகில் மீண்டும் காண இயலாமற் போகலாம் என்பதையும், கடலிலும் வெப்ப நாட்டிலும் அவருக்குப் பல இன்னல்கள் நேரலாம் என்பதையும் மறையாது எழுதியிருந்தார். தந்தையார் முடிவை மகளிடமே விட்டார். அம்மையார் மனமுவந்து இசைந்தார். 1812ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் திருமணம் நடைபெற்றது. அதே திங்கள் 19ஆம் நாள் இருவரும் சேலம் துறைமுகத்தில் கப்பலேறினர். இச்சேலம் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. நம் சேலம் அன்று.

நான்கு திங்கட் பயணத்திற்குப் பின் கல்கத்தாவை அடைந்த அவர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்குத் தங்கவிடவில்லை. கப்பலில் செய்த ஆராய்ச்சியின் பயனாக ஜட்சன் திருமுழுக்குப் பற்றிய தம் கொள்கையை மாற்றிக்கொண்டார். தம்மை அனுப்பிய கழகத்தின் உதவியை அதனால் துறந்தார். மொரிசுத் தீவுக்குச் சென்றபோது, உடன் புறப்பட்டு வந்த தோழியரான ஹாரியட் நியூவெல் அம்மையார் பத்தொன்பதாம் வயதில் அங்கு இறந்துவிட்டார் என்னும் செய்தி அவர்களை வரவேற்றது. 1813ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர்கள் சென்னைக்கு வந்தனர். தங்கினால் இங்கிலாந்துக்கு அனுப்பப்படுவர் என்ற நிலையில், துறைமுகத்தில் புறப்படக் காத்திருந்த பழைய கப்பல் ஒன்றில் ஏறினர். அது இரங்கூனுக்குச் செல்லும் கப்பல். வழியில் அம்மையாருக்குப் பிறந்த முதற் குழந்தை உயிரற்றுப் பிறந்தது. ஜூலை 13ஆம் நாள் இரங்கூனை அடைந்தபோது, அம்மையார் எழுந்து நிற்கவும் வலிமையற்றிருந்தார்.

மொழிப் பயிற்சி

பர்மிய மொழியைக் கற்பதற்கு ஏற்ற இலக்கணமோ அகராதியோ அவருக்குக் கிடைக்கவில்லை. ஓலைச்சுவடிகளில் வட்ட வட்டமான எழுத்துகள் சொல்லுக்குச் சொல் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும். அவருடைய ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது. மாணவருக்குப் பர்மிய மொழி தெரியாது. பொருள்களைச் சுட்டிக் காட்டிப் பெயர் கேட்டே கல்வி தொடங்கியது. நாள்தோறும் பல மணி நேரம் ஜட்சன் சுவடிகளின் முன் அமர்ந்திருந்தார். 1815ஆம் ஆண்டு பிறந்த ஆண்மகவு எட்டுத் திங்களில் இறந்தது. அத்துயரிலும் பணி நிற்கவில்லை. 1823ஆம் ஆண்டு புதிய ஏற்பாடு முழுவதையும் கிரேக்க மூலத்தினின்றும் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்தார்.

சிறையும் தலையணையும்

1824ஆம் ஆண்டு ஆங்கிலேயர்க்கும் பர்மியர்க்கும் போர் மூண்டது. அப்போது ஜட்சனும் அம்மையாரும் தலைநகராகிய ஆவாவில் இருந்தனர். வெள்ளையர் அனைவரும் ஒற்றர் என ஐயுறப்பெற்றனர். ஜட்சனுக்குப் பணம் கல்கத்தா வாயிலாக வந்தமை அவ்வையத்தை மிகுவித்தது. ஜூன் 8ஆம் நாள் அவரைப் பிணித்துக் கொடுஞ்சிறையில் தள்ளினர். கால்களில் இரும்பு விலங்குகள் பூட்டப்பெற்றன. இரவில் கைதிகளின் கால்களை ஒரு மூங்கிலில் கோத்து மேலே உயர்த்திவிடுவர். தோள்கள் மட்டும் தரையில் படும்.

ஆன் அம்மையார் அதிகாரிகளின் இல்லந்தோறும் நடந்து கணவருக்காக மன்றாடினார். உணவைத் தாமே சுமந்து சென்றார். 1825ஆம் ஆண்டு சனவரியில் பெண்மகவு ஒன்றை ஈன்று, மரியா எனப் பெயரிட்டார்.

பல்லாண்டு உழைப்பின் பயனாகிய மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் படியை அம்மையார் முதலில் வீட்டின் கீழ் மண்ணிற் புதைத்து வைத்தார். மழையில் அது அழிந்துவிடும் என அஞ்சி, பின்னர் எடுத்துத் தலையணை ஒன்றனுள் வைத்துத் தைத்துக் கணவரிடம் அனுப்பினார். எவரும் விரும்பாத அளவு கடினமாகவும் அழகற்றும் இருந்தது அத்தலையணை. ஒருமுறை காவலன் அதனைக் கவர்ந்துகொள்ள, அம்மையார் நல்ல தலையணை ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். கைதிகளை ஆவாவிலிருந்து ஆங்பின்லே என்னும் சிற்றூருக்கு வெறுங்காலுடன் கொளுத்தும் வெயிலில் ஓட்டிச் சென்றபோது, காவலர் அத்தலையணையை எறிந்துவிட்டனர். ஜட்சனின் மாணவராகிய மவுங் இங் என்னும் பர்மியர், ஆசிரியரின் நினைவுப் பொருளாக அதனை எடுத்துச் சென்று வைத்திருந்தார். திங்கள் பல கழிந்தபின், உள்ளே ஓர் ஏடும் சிதையாமல் இருந்தது கண்டறியப்பட்டது.

ஆங்பின்லேயில் அம்மையார் நோயுற்று, குழந்தைக்குப் பாலூட்ட இயலாதவரானார். காவலரின் இசைவு பெற்று, ஜட்சன் விலங்கிட்ட கால்களுடன் குழந்தையை ஏந்தி வீடுவீடாகச் சென்றார். பர்மியத் தாய்மார் இரங்கி, பகைவர் எனக் கருதப்பெற்றவரின் குழந்தைக்குப் பாலூட்டினர். 1825ஆம் ஆண்டின் இறுதியில், உடன்படிக்கைப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டமையால் அரசு அவரை விடுவித்தது. எந்த மொழி அவரைப் பர்மாவுக்கு ஈர்த்ததோ, அம்மொழியே அவரைச் சிறையினின்றும் மீட்டது.

பேரிழப்பு

துன்பம் அத்துடன் ஒழியவில்லை. 1826ஆம் ஆண்டு வணிக உடன்படிக்கை ஒன்றிற்கு உதவுமாறு ஜட்சன் மீண்டும் ஆவா சென்றிருந்தபோது, அம்ஹர்ஸ்டு என்னும் ஊரில் ஆன் அம்மையார் அக்டோபர் 24ஆம் நாள் காய்ச்சலால் காலமானார். கருமுத்திரையிட்ட மடல் வந்தபோது, குழந்தைதான் இறந்ததுபோலும் என எண்ணி ஜட்சன் அதனைப் பிரித்தார். ஆறு திங்கள் கழிந்து மரியாவும் தாயின் கல்லறையருகே அடக்கம் செய்யப்பெற்றாள்.

ஜட்சனின் நெஞ்சம் உடைந்தது. பிரௌன் கல்லூரி அளித்த உயர்பட்டத்தைத் துறந்தார். தம் பொருளையெல்லாம் தொண்டிற்கு அளித்தார். காட்டில் தனியே குடிலமைத்து, தமக்கெனக் குழியொன்று தோண்டி அதன் அருகே அமர்ந்திருந்தார். பெரியோர்க்கும் இத்தகைய இருள் சூழ்தல் உண்டு. காலம் செல்லச் செல்ல அவ்விருள் நீங்கியது. மக்களிடையே மீண்டும் வந்தார். விட்ட இடத்தில் எழுதுகோலை எடுத்தார்.

பணி நிறைவு

1834ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பும் முற்றுப்பெற்றது. முடித்ததைச் செப்பம் செய்ய மேலும் ஆறாண்டுகளுக்கு மேல் செலவிட்டார். அதே ஆண்டு, உடனுழைத்த தொண்டர் ஒருவரின் கைம்பெண்ணாகிய சாரா போர்டுமன் அம்மையாரை மணந்தார். 1845ஆம் ஆண்டு சாரா அம்மையாரின் உடல்நலங்கருதி அமெரிக்காவுக்குப் புறப்பட்டபோது, வழியில் செயிண்ட் எலினாத் தீவில் அவரையும் இழந்தார். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் தாய்நாட்டில் கால்வைத்த ஜட்சனுக்கு ஆங்கிலத்தில் சொற்பொழிவாற்றுவது எளிதாக இல்லை. அவர் எண்ணமெல்லாம் பர்மிய மொழியில் ஊறியிருந்தது.

1846ஆம் ஆண்டு எழுத்தாளர் எமிலி சப்பக் அம்மையாரை மணந்து பர்மாவுக்கே திரும்பினார். 1849ஆம் ஆண்டு ஆங்கில–பர்மிய அகராதியை முடித்தார். பர்மிய–ஆங்கில அகராதி பாதியில் நின்றபோது நோய் அவரைப் பற்றியது. கடற்காற்று நலந்தரும் என எண்ணிக் கப்பலேறிய அவர், 1850ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் வங்கக்கடலில் உயிர்நீத்தார். அன்றிரவே அவர் உடல் கடலில் அடக்கம் செய்யப்பெற்றது. கரையிலிருந்த எமிலி அம்மையாருக்குச் செய்தி எட்ட ஏறத்தாழ நான்கு திங்கள் ஆயின. எஞ்சிய அகராதியைப் பிறர் முடித்து 1852ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

ஜட்சனுக்குக் கல்லறை இல்லை. ஆயினும் மியன்மா என இன்று வழங்கும் அந்நாட்டில் கிறித்தவர்கள் அவருடைய மொழிபெயர்ப்பை இன்றும் படிக்கின்றனர். அவர் தொகுத்த அகராதி பின்வந்த அகராதிகளுக்கு அடிப்படையாயிற்று. எறியப்பட்ட தலையணையை எடுத்து வைத்த அன்பும், பசித்த குழந்தைக்குப் பாலூட்டிய அன்பும் அந்நாட்டு மக்களுடையவை. அவ்வன்பின்றி அவர் பணி நிறைவேறியிராது. துயரம் வந்தபோது துவண்டு வீழ்தல் மனித இயல்பு. வீழ்ந்த பின்னும் எழுந்து, எடுத்த செயலை முடித்தல் சான்றோர் இயல்பு. ஜட்சனின் வாழ்க்கை நமக்குக் காட்டுவது இதுவே.