கட்டணம் வேண்டாம் என்று சொன்னது ஏன்? குடும்பவியல் படிப்புக்கு வித்திட்ட எலன் ரிச்சர்ட்ஸின் கதை

அமெரிக்காவில் பட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்போருக்கு ஆண்டின் கடைசி மாதங்கள் பரபரப்பானவை. பல துறைகளில் விண்ணப்பம் அனுப்புவதற்கான இறுதி நாள் டிசம்பரை ஒட்டி வரும். அந்தத் துறைகளின் பட்டியலில் நம்மில் பலருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத பெயர் ஒன்று உண்டு: மனித வளர்ச்சி, குடும்பவியல்.

பெயரைக் கேட்டதும் வரும் முதல் கேள்வி, குடும்பத்தைப் பற்றிப் படிக்கக்கூட ஒரு பட்டமா என்பதுதான்.

ஆமாம், இருக்கிறது. குழந்தை எப்படி வளர்கிறது, பெற்றோரின் மணமுறிவு பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் பாரம் யார் தலையில் விழுகிறது, வேலையும் வீடும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன... இதையெல்லாம் ஆய்வு முறைப்படி அலசும் துறை அது. இந்தத் துறை எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே போனால், 150 ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட வேறொரு விண்ணப்பத்தில் போய் நிற்போம். அதை எழுதியவர் வேதியியல் படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண். பெயர் எலன் சுவாலோ. திருமணத்துக்குப் பிறகு எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ்.

300 டாலர் சேர்த்த பெண்

எலன் 1842ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டன்ஸ்டபிள் எனும் சிற்றூரில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா, அம்மா இருவருமே ஆசிரியர் வேலை பார்த்தவர்கள். அதனால் ஆரம்பப் படிப்பு வீட்டிலேயே நடந்தது. மகளை நல்ல பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று 1859ல் குடும்பம் வெஸ்ட்ஃபர்ட் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அப்பா ஒரு கடை வைத்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்தது. அதற்கு மேல் படிக்க வழியில்லை. அந்தக் காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கையில் பணமும் இல்லை. கடையில் அப்பாவுக்கு உதவி, பிள்ளைகளுக்குப் பாடம், அடுத்தவர் வீட்டில் சமையல், துப்புரவு என்று கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். கொஞ்சம் கொஞ்சமாக 300 டாலர் சேர்த்தார்.

அந்தப் பணத்தோடு 1868ல் நியூயார்க் மாநிலத்தின் வாஸர் கல்லூரிக்குப் போனார். பெண்களுக்காகவே தொடங்கப்பட்ட கல்லூரி. அது திறந்தே 3 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அப்போது எலனுக்கு வயது 25. கூடப் படித்த பலரைவிட மூத்தவர். வானியலாளர் மரியா மிட்செலிடம் பாடம் கேட்டார். ஆனால் மனம் லயித்தது வேதியியலில். 2 ஆண்டிலேயே பட்டம் வாங்கிவிட்டார்.

விண்ணப்பம் போன பாதை

1870ல் பட்டத்தோடு வெளியே வந்த எலன், வேதியியல் நிறுவனங்களுக்கு வேலை பழக இடம் கேட்டு எழுதினார். பாஸ்டனில் ஒரு நிறுவனம் முடியாது என்றது. ஆனால் கூடவே ஒரு யோசனையும் சொன்னது: புதிதாக வந்திருக்கும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இன்று எம்ஐடி என்றால் தெரியாதவர் இல்லை. அன்று அது வகுப்புகள் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளே ஆன சின்ன நிறுவனம். அதுவரை ஒரு பெண்கூட அங்கே படித்ததில்லை.

விண்ணப்பம் ஆசிரியர் குழுவின் முன் வந்தது. விவாதம் நடந்தது. 1870 டிசம்பரில் முடிவானது. எலனை வேதியியலில் சிறப்பு மாணவியாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் இதை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு மற்றப் பெண்கள் இடம் கேட்க முடியாது என்று தீர்மானத்திலேயே எழுதிவைத்தார்கள். கதவைத் திறக்கும்போதே தாழ்ப்பாளையும் கையில் பிடித்திருந்தார்கள்.

கட்டணமும் கேட்கவில்லை. தன் ஏழ்மையைப் பார்த்துச் செய்த உதவி என்றே எலன் நினைத்தார். உண்மையான காரணம் பிறகுதான் தெரியவந்தது. ஒரு பெண்ணை எப்படிச் சேர்த்தீர்கள் என்று யாராவது சண்டைக்கு வந்தால், அவர் எங்கள் மாணவியே இல்லையே என்று கழகத்தின் தலைவர் கைவிரிக்க வேண்டும். கட்டணம் வாங்கியிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது அல்லவா?

முன்பே தெரிந்திருந்தால் அந்த நிபந்தனையில் சேர்ந்திருக்கவே மாட்டேன் என்று பின்னாளில் அவர் வருத்தப்பட்டதுண்டு.

ஊசியும் நூலும்

1871 தொடக்கத்தில் வகுப்புக்குப் போன எலன் ஒரு தந்திரத்தைக் கையாண்டார். உரிமைக் குரல் எதுவும் எழுப்பவில்லை. ஆய்வுக்கூடத்தைப் பெருக்கினார். ஊசி, நூல் வைத்திருந்து பேராசிரியர்களுக்குக் கிழிசல் தைத்துக் கொடுத்தார். விரலை வெட்டிக்கொண்டவர்களுக்குக் கட்டுப் போட்டார். பெண் வந்தால் தொல்லை என்று நினைத்தவர்கள், இந்தப் பெண் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்று நினைக்க ஆரம்பித்தார்கள்.

இந்த அணுகுமுறையைப் பாராட்டுவோரும் உண்டு, குறைசொல்வோரும் உண்டு. படிக்க வந்த இடத்திலும் பெண் துடைப்பத்தைத்தான் பிடிக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. எலனின் கணக்கு வேறு. தான் தோற்றால் அடுத்து வரும் பெண்ணுக்கு வழியே இல்லாமல் போய்விடும் என்று அவர் கருதினார்.

1873ல் எம்ஐடியிலிருந்து இளநிலை அறிவியல் பட்டம். அங்கு பட்டம் பெற்ற முதல் பெண் அவர். அதே ஆண்டு, இரும்புத் தாதுவில் வனேடியத்தின் அளவைக் கணக்கிட்ட ஆய்வுக்காக வாஸர் கல்லூரி முதுநிலைப் பட்டம் தந்தது. பிறகும் எம்ஐடியிலேயே ஆய்வைத் தொடர்ந்தார். ஆனால் மேற்பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. தகுதி இருந்தும் பட்டம் மறுக்கப்பட்டதற்குக் காரணம், அவர் பெண் என்பதே.

வீடே ஆய்வுக்கூடம்

1875ல் எம்ஐடியின் சுரங்கப் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸை மணந்தார். தேனிலவுக்கு இருவரும் நோவா ஸ்கோஷியா போனார்கள். கூடவே ராபர்ட்டின் மாணவர் பட்டாளமும் போனது, சுரங்கம் பார்க்க!

பாஸ்டனின் ஜமைக்கா பிளெய்ன் பகுதியில் வாங்கிய வீட்டைத் தம்பதியர் ஆய்வுக்கூடமாகவே ஆக்கிவிட்டார்கள். தூசி சேரும் கம்பளங்களையும் கனமான திரைகளையும் அகற்றினார்கள். நிலக்கரி அடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்தது. கெட்ட காற்று வெளியேற வழி செய்தார்கள். கிணற்று நீரைச் சோதித்தார்கள். எம்ஐடி மாணவிகள் சிலர் அங்கேயே தங்கி, வாடகைக்குப் பதிலாக வீட்டு வேலையில் கைகொடுத்தார்கள்.

வீடு என்பது தனியார் விஷயம், அறிவியலுக்கு அங்கே வேலையில்லை என்று ஊரே நினைத்த காலம் அது. எலனுக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்குள் வரும் காற்று, நீர், உணவு எல்லாமே ஒரு மனிதர் நன்றாக வளர்வதையோ நோயில் விழுவதையோ முடிவு செய்கின்றன என்பது அவருடைய வாதம். பிற்காலத்தில் உருவான துறைக்கு அடித்தளம் இந்த எண்ணம்தான்.

அடுத்தவர்களுக்குத் திறந்த கதவு

1876ல் பாஸ்டனின் பெண்கல்விச் சங்கம் ஒன்றின் நிதியுதவியோடு எம்ஐடியில் பெண்களுக்கான ஆய்வுக்கூடம் தொடங்கியது. எலன் அங்கே ஊதியம் வாங்காமல் கற்பித்தார். சொந்தப் பணத்தையும் கொடுத்தார். 1883ல் அந்தக் கூடம் மூடப்பட்டது. தோல்வியால் அல்ல. பெண்களை மற்ற மாணவர்களோடு சேர்த்தே படிக்கவைக்க எம்ஐடி சம்மதித்ததால் தனிக்கூடம் தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டு சுகாதார வேதியியல் பயிற்றுநராக எம்ஐடி அவரை நியமித்தது. சாகும்வரை, 27 ஆண்டுகள், அதே பொறுப்பில் இருந்தார்.

அந்தக் காலத்தில் இன்னொரு பயமும் பரவியிருந்தது. கல்லூரிக்குப் போனால் பெண்ணின் உடல்நலம் கெடும், தாய்மை பாதிக்கப்படும் என்று பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க் 1873ல் ஒரு நூலே எழுதியிருந்தார். பலரும் அதை நம்பினார்கள். எலனும் மரியன் டால்பட்டும் இன்னும் சிலரும் 1881ல் பட்டதாரிப் பெண்களுக்கான சங்கத்தைக் கட்டினார்கள். அந்தச் சங்கம் மேடை போட்டுப் பதில் சொல்லவில்லை. கேள்வித்தாள் தயாரித்துப் படித்த பெண்களுக்கு அனுப்பியது. 700க்கும் அதிகமானோர் பதில் எழுதினார்கள். 1885ல் வெளிவந்த முடிவு, படிப்பு அவர்களின் உடல்நலத்தைக் கெடுக்கவில்லை என்று காட்டியது. நம்பிக்கையைத் தரவு கொண்டு சோதிப்பது, குடும்பவியல் ஆய்வாளர்கள் இன்றும் செய்யும் வேலைதானே?

உப்பு சொன்ன உண்மை

எலனின் பெயர் அறிவியலில் நிலைத்ததற்கு முக்கியக் காரணம் தண்ணீர். 1887 முதல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆறு, ஏரி, கிணறுகளிலிருந்து மாதிரிகள் எடுத்துச் சோதிக்கும் பெரும் பணி நடந்தது. ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் எலன். பல்லாயிரக்கணக்கான மாதிரிகள் அவர் பொறுப்பில் சோதிக்கப்பட்டன.

அதில் ஓர் எளிய உண்மை வெளிப்பட்டது. கடற்கரைக்கு அருகே உள்ள நீரில் உப்பு சார்ந்த குளோரைடு இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். உள்நாட்டுக்குள் போகப் போகக் குறையும். அப்படியானால், இந்த இடத்தில் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று ஒரு வரைபடமே போட்டுவிடலாம். ஏதாவது ஓர் இடத்தில் அதைவிட அதிகமாக இருந்தால்? மனிதக் கழிவு அங்கே கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். டைஃபாய்டு பலரைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில் இது உயிர்காக்கும் வரைபடம்.

சமையலறையில் சறுக்கல்

எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. 1890ல் எலனும் மேரி ஹின்மன் ஏபலும் பாஸ்டனில் ஒரு பொதுச் சமையலறை திறந்தார்கள். நோக்கம் நல்லது: ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சத்தான உணவு, குறைந்த விலையில். ஆனால் குடியேறிய குடும்பங்கள் பெரிய அளவில் வரவில்லை. அவர்களுக்கு அவரவர் ஊர் ருசிதான் வேண்டியிருந்தது. மிளகு, மசாலா மணக்கச் சாப்பிட்டுப் பழகிய நாக்கு சப்பென்ற சூப்புக்கு இறங்குமா? சத்துக் கணக்கு சரியாக இருந்தது, மனிதர்களைப் பற்றிய கணக்கு தப்பிப்போனது. அந்தச் சமையலறை பிறகு பாஸ்டன் பள்ளிகளுக்கு மதிய உணவு கொடுத்துப் பயன்பட்டது.

மனையியலில் இருந்து குடும்பவியலுக்கு

1899 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட் ஊரில் 11 பேர் கூடினார்கள். சிதறிக் கிடந்த சமையல், சுகாதாரம், வீட்டு நிர்வாகப் பாடங்களை ஒரே துறையாக்குவது பற்றிப் பேசினார்கள். தலைமை எலன். அந்தத் துறையைத்தான் நாம் மனையியல் என்கிறோம். சுமார் பத்தாண்டு தொடர்ந்த மாநாடுகளின் முடிவில் அமெரிக்க மனையியல் சங்கம் உருவானது. அதன் முதல் தலைவரும் அவரே.

1910ல் ஸ்மித் கல்லூரி அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. 1911 மார்ச் 30ஆம் தேதி, 68ஆம் வயதில் இதயநோயால் காலமானார்.

அவருக்குப் பிறகு துறை வேகமாக வளர்ந்தது. 1920களில் அறநிதியங்களின் பணம் குழந்தை வளர்ச்சி ஆய்வுக்குள் வந்தது. தவறுகளும் நடந்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1919லிருந்து பல்லாண்டுகள், காப்பகக் குழந்தைகளைக் கொண்டுவந்து மாணவிகள் முறைபோட்டு வளர்த்துப் பழகினார்கள். இன்றைய ஆய்வு நெறிமுறைகள் அதை அனுமதிக்காது. திறமையான பெண் விஞ்ஞானிகளை மற்றத் துறைகளில் சேர்க்காமல் மனையியலுக்குள்ளேயே ஒதுக்கிவைத்தார்கள் என்ற விமர்சனமும் வலுவானது.

1969ல் கார்னெலின் மனையியல் கல்லூரி, மனிதச் சூழலியல் கல்லூரி என்று பெயர் மாறியது. வேறு பல பல்கலைக்கழகங்களும் பெயரை மாற்றின. உணவியல் ஒரு பக்கம், ஜவுளி ஒரு பக்கம், மனித வளர்ச்சி, குடும்பவியல் இன்னொரு பக்கம் என்று துறை கிளைவிட்டது. குழந்தை தனியாக வளர்வதில்லை, வீடு, பள்ளி, பெற்றோரின் வேலையிடம் என்று அடுக்கடுக்கான சூழலுக்குள் வளர்கிறது என்று கார்னெல் பேராசிரியர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979ல் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. சூழலியல் என்ற சொல்லை வீட்டுக்கும் மனித வாழ்வுக்கும் பொருத்தி எலன் பாஸ்டனில் பேசியது 1892ல்.

இன்று விண்ணப்பிப்போர் கவனிக்க

இந்தத் துறைக்குள் வர ஒரே ஒரு பாடத்தைத்தான் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. உளவியல், சமூகவியல், கல்வி, சமூக சேவை படித்தவர்களும் வருகிறார்கள். நோக்க அறிக்கை, பரிந்துரைக் கடிதங்கள், மதிப்பெண் பட்டியல் ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படும். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவர், தன் ஆர்வத்தோடு ஒத்துப்போகும் ஆய்வு செய்யும் பேராசிரியர் அங்கே இருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆலோசகராகத் தொழில் செய்ய விரும்புவோர், அந்தப் பட்டம் தங்கள் நாட்டில் தொழில்முறை அங்கீகாரம் பெறுமா என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

அப்புறம் கட்டணம். பல முனைவர் பட்டத் திட்டங்களில் கட்டண விலக்கும், ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் வேலைக்கான ஊதியமும் கிடைக்கும். எலன் காலத்துக் கட்டண விலக்கு மாதிரி இல்லை இது. இன்று அந்தச் சலுகை பெறுபவரின் பெயர் மாணவர் பட்டியலில் இருக்கும்.