கைக்கு வந்ததைத் திருப்பித் தந்த முத்து வணிகர்: ஸ்ரீமத் ராஜசந்திரர்

பகவான் மகாவீரர் முக்தியடைந்த தீபாவளித் திருநாள் கழிந்து பதினைந்தாம் நாள் வரும் கார்த்திகைப் பௌர்ணமியை, கூர்ஜர நாட்டுச் சமணர்கள் மற்றொரு காரணத்திற்காகவும் போற்றுகின்றனர். 1867ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், அந்தப் பௌர்ணமியன்று, கத்தியவார் பகுதியில் மோர்பியை அடுத்த வவாணியா என்னும் கடலோரச் சிற்றூரில் ஸ்ரீமத் ராஜசந்திரர் பிறந்தார். முப்பத்து மூன்று ஆண்டுகளே வாழ்ந்தார். துறவுக்கோலம் பூண்டு காட்டுக்குச் சென்றவரல்லர்; மனைவி மக்களோடு இல்லறம் நடத்தியவர்; பம்பாய் நகரில் முத்தும் வைரமும் வாங்கி விற்றவர். எனினும் காந்தியடிகளின் உள்ளத்தில் ஆழப் பதிந்த மூவருள் ஒருவராக நின்றவர். டால்ஸ்டாய், ரஸ்கின் ஆகிய மற்ற இருவரும் நூல்களால் அடிகளைத் தொட்டனர். ராய்சந்த்பாய் தம் வாழ்க்கையால் தொட்டார்.

தந்தையார் ராவ்ஜிபாய், தாயார் தேவபா. தந்தை வழியில் கண்ணன் பக்தியும், தாய் வழியில் சமண ஒழுக்கமும் அவ்வில்லத்தில் கலந்திருந்தன. முதலில் லட்சுமிநந்தன் என்று அழைக்கப்பட்ட குழந்தை, பின்னர் ராய்சந்த் ஆயிற்று. ஏழு வயதில், தம்மிடம் அன்பு காட்டிய அமீசந்த் என்பவர் பாம்பு தீண்டி மாண்டதைக் கேட்டுச் சாவு என்பது யாது என்ற வினா அச்சிறுவனுக்குள் எழுந்தது. குளக்கரை மரத்தின் மேல் ஏறி, எரியும் சிதையைக் கண்டபோது முற்பிறவி நினைவு தமக்கு வந்ததாக அவர் பின்னாளில் தெரிவித்தார். ஏழாண்டுப் பள்ளிப் பாடத்தை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். அத்துடன் பள்ளிக் கல்வி நின்றது.

பள்ளியை விட்ட பிள்ளை தந்தையின் கடையில் அமர்ந்தது. அறத்தைப் பற்றிய அவருடைய முதற்பாடம் அங்குதான் தொடங்கிற்று. அந்நாள்களை நினைவுகூர்ந்து எழுதியபோது, யாருக்கும் விலையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை என்றும், எடையைக் குறைத்து நிறுத்ததில்லை என்றும் அவர் குறிப்பிட்டார். மலைபோன்ற தவங்களைச் செய்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. தராசின் முள் நேராக நின்றது என்பதையே தம் இளமையின் செய்தியாகப் பதிந்தார்.

பதினாறாம் வயதில் நூற்றெட்டுப் பாடங்கள் கொண்ட மோட்சமாலை என்னும் நூலை மூன்றே நாள்களில் எழுதினார். ஒரே நேரத்தில் நூறு செய்திகளை மனத்தில் வாங்கி, முறை பிறழாது திருப்பிச் சொல்லும் சதாவதானக் கலையும் அவருக்கு வாய்த்தது. 1887இல் பம்பாய் பிராம்ஜி காவஸ்ஜி கழகத்தில் அவர் அக்கலையைக் காட்டியபோது அவையோர் வியந்தனர், பொற்பதக்கம் அளித்தனர். ஐரோப்பாவுக்குச் சென்று இத்திறனைக் காட்டுமாறு அழைப்பும் வந்தது. அவர் போகவில்லை. ஆன்ம நலனுக்கு உதவாத புகழ் ஒரு தளை என்று கண்டு, சில காலத்திற்குள் அவதானக் காட்சிகளையே நிறுத்திவிட்டார். வழியில் கிடந்து கிடைத்ததுபோல் வந்த புகழைக்கூட அவர் தமதாக்கிக்கொள்ள விரும்பவில்லை.

1888இல் ஜபக்பாய் அம்மையாரை மணந்தார். அம்மையாரின் சிறிய தகப்பனாரான ரேவாசங்கர் ஜகஜீவன்தாசுடன் கூட்டுச் சேர்ந்து, பம்பாயில் நவமணி வணிகம் தொடங்கினார். முத்தின் ஒளியையும் வைரத்தின் குறையையும் ஒரு பார்வையில் அறியும் ஆற்றல் அவருக்கு இருந்தது. இலட்சக்கணக்கான ரூபாய் கைமாறும் வணிகம் அது. இங்கிலாந்தில் சட்டம் பயின்று 1891இல் திரும்பிய இளைஞர் காந்தி, டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் இல்லத்தில் அவரை முதன்முதலாகச் சந்தித்தார். ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் அடுக்கி அவருடைய நினைவாற்றலைச் சோதித்தார். ஒன்றும் தவறாமல் வந்தது. ஆயினும் காந்தியை ஈர்த்தது அந்த நினைவாற்றலன்று. கடையில் கணக்குப் புத்தகத்தின் அருகே எப்பொழுதும் ஓர் அறநூலும் ஒரு நாட்குறிப்பும் இருந்தன. வணிகப் பேச்சு முடிந்த நொடியில் அவர் அறநூலைத் திறந்தார். வணிகத்தையும் அறத்தையும் தனித்தனி அறைகளில் பூட்டிவைக்காத ஒரு மனிதரைக் காந்தியடிகள் அங்கே கண்டார்.

அவ்வாழ்க்கை எத்தகையது என்பதை விளக்க, அவருடைய வரலாற்றை எழுதியோர் இரண்டு நிகழ்ச்சிகளைத் தவறாமல் கூறுகின்றனர்.

முதலாவது, முத்துப் பொட்டலம் பற்றியது. பம்பாயில் அரேபிய வணிகர் ஒருவர் தம் தம்பியுடன் முத்து வணிகம் செய்துவந்தார். தானும் தனித்து ஒரு பெரிய வணிகம் செய்து பார்க்க வேண்டும் என்று தம்பிக்கு ஆசை எழுந்தது. அண்ணனுக்குச் சொல்லாமல் ஒரு பொட்டலம் முத்தை எடுத்துச் சென்றான். தரகர் அவனை ராஜசந்திரரிடம் அழைத்துவந்தார். அவர் முத்துகளைப் பார்த்து, விலை பேசி, பணத்தை எண்ணிக் கொடுத்து, பொட்டலத்தைப் பெட்டியில் வைத்தார். பணத்துடன் வீடு திரும்பிய தம்பியிடம் அண்ணன் பதறினார். குறித்த விலைக்குக் குறைந்து விற்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டுடன் வந்த முத்துகள் அவை. தம்பி ஓடோடித் திரும்பி வந்து, அந்தக் கடிதத்தைக் காட்டிக் கண்ணீருடன் நின்றான்.

வணிகம் முடிந்துவிட்டது. பொருள் கைமாறிவிட்டது. பேசிய விலை முழுமையாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. அந்த முத்துகளில் தமக்கு வரக்கூடிய ஆதாயம் எவ்வளவு என்பதை அறியாத வணிகரல்லர் ராஜசந்திரர். ஆயினும் அவர் வாதாடவில்லை. கட்டுப்பிரிக்காத பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்; தாம் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எதுவுமே நடவாததுபோல் தம் பணியைத் தொடர்ந்தார். அதன்பின் அந்த அரேபியர் அவரை வணிகர் என்று எண்ணவில்லை. இறையடியார் என்றே எண்ணிப் போற்றினார்.

இரண்டாவது, ஓர் ஒப்பந்தத்தைப் பற்றியது. குறித்த நாளில் குறித்த விலைக்கு மணிகள் தருவதாக ஒரு வணிகர் ராஜசந்திரருக்கு எழுதிக்கொடுத்திருந்தார். நாள் நெருங்குவதற்குள் சந்தை விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஒப்பந்தப்படி பொருளைத் தந்தால் அவ்வணிகர் வீடு வாசல் அனைத்தும் இழக்க நேரும். செய்தி அறிந்த ராஜசந்திரர் தாமே அவருடைய கடைக்குச் சென்றார். அவரைக் கண்டதும் அவ்வணிகர் நடுங்கினார். இருப்பதையெல்லாம் விற்றாவது வாக்கைக் காப்பாற்றுவதாகக் கூறினார். ராஜசந்திரர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். இருவருடைய கவலைக்கும் வேர் இந்தத் தாள்தான் என்று சொல்லி, அதனைக் கிழித்துப் போட்டார். பிறர் அழிவிலிருந்து வரும் ஆதாயம் தமக்குரிய உணவன்று என்பதை அவருக்கு உணர்த்தி விடைபெற்றார்.

இந்நிகழ்ச்சிகளை வெறும் இரக்கச் செயல்களாகக் கொண்டால் அவற்றின் பொருள் முழுதும் விளங்காது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்பொழுது நடைமுறையில் இருந்தது. பிறர் தவறவிட்ட பொருளைக் கண்டெடுத்தவன், அதைத் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைப்போல் காக்கக் கடமைப்பட்டவன் என்று அச்சட்டம் கூறுகிறது. தவறுதலாகத் தரப்பட்ட பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும் கூறுகிறது. அதே சட்டம், எழுதிய ஒப்பந்தத்தை மீறுபவரிடம் இழப்பீடு பெறவும் வழிசெய்கிறது. கிழிக்கப்பட்ட அந்தத் தாளின் வலிமை ராஜசந்திரரின் பக்கமே இருந்தது. சட்டம் கேட்காத இடத்திலும் அவருடைய விரதம் கேட்டது.

அந்த விரதம் நம் வீடுகளில் பிள்ளைகளும் அறிந்த கள்ளாமை ஆகும். சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தாருக்கு இதனை வரையறுத்துள்ளார். அந்நூலின் வழிவந்த தமிழ்நூலாகிய அருங்கலச்செப்பு தமிழ்ச் சமணர்க்கு அதனைக் கொண்டுவந்து தந்தது. பிறர் வைத்த பொருள், விழுந்து கிடக்கும் பொருள், மறந்துவிட்ட பொருள் ஆகிய எதனையும், உரியவர் தராதபோது, தானும் எடுக்காமல் பிறர்க்கும் எடுத்துக் கொடுக்காமல் இருப்பதே கள்ளாமை என்பது ஆசாரியர் கருத்து. பூட்டை உடைப்பவனை மட்டும் அவர் எண்ணவில்லை. பாதையில் கிடக்கும் பணப்பையின் முன் குனிந்து நிற்கும் நல்லவனையும் எண்ணினார்.

பிறர்க்கும் கொடுக்கலாகாது என்ற பகுதி சிந்தனைக்குரியது. கண்டெடுத்த பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ள அஞ்சுவோர், அதனை ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டோ, ஆலய உண்டியலில் இட்டுவிட்டோ மன அமைதி பெறுவதுண்டு. உரியவரைத் தேடாமல் செய்யும் அத்தானம், பிறர் பொருளைக் கொண்டு தனக்குப் புண்ணியம் தேடுவதாகும். தொலைத்தவர் கூலிப்பணத்தைத் தொலைத்த தாயாக இருக்கலாம். மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்கி வந்தவராக இருக்கலாம். தானத்தின் பெயரால்கூட அவருடைய உரிமை அழிவதில்லை. முதற்கடன் உரியவரைத் தேடுவது. அவரை அறிய இயலாவிடில் அதற்குரிய அலுவலரிடம் ஒப்படைப்பது.

ராஜசந்திரரின் இரு செயல்களும் இவ்வரையறையை மேலும் ஒரு படி நீட்டிக் காட்டின. வழியில் விழுந்த பணம் மட்டுமா விழுந்த பொருள்? அறியாத இளைஞனின் அவசரத்தில் விழுந்ததும் விழுந்த பொருளே. சந்தையின் திடீர் ஏற்றத்தில் ஒருவர் கையிலிருந்து நழுவியதும் விழுந்த பொருளே. அவர் ஆதாயத்தை வெறுத்தவரல்லர். தம் மணியறிவாலும் உழைப்பாலும் வந்த ஆதாயத்தைப் பெற்றே குடும்பம் காத்தார். திறமையால் வருவது எது, பிறர் தவற்றிலும் துன்பத்திலும் இருந்து உதிர்வது எது என்று பிரித்தறியும் கண்ணே அவருடைய தனிச்செல்வம். முத்தில் குறையைக் கண்ட அதே கண், ஆதாயத்திலும் குறையைக் கண்டது.

தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்களால் கலங்கிய காந்தியடிகள் 1894இல் அவருக்கு இருபத்தேழு வினாக்கள் எழுதியனுப்பினார். அவருடைய விடைகள் அடிகளுக்குத் தெளிவு தந்தன. 1896இல் நடியாத் நகரில், அம்பாலால் என்னும் அன்பர் விளக்கேந்தி நிற்க, ஒரே அமர்வில் நூற்று நாற்பத்திரண்டு பாடல்கள் கொண்ட ஆத்ம சித்தியை இயற்றினார். குந்தகுந்த ஆசாரியரின் நூல்கள் தமக்கு ஆன்ம விசாரணையில் பேருதவி செய்தன என்று நன்றியுடன் குறித்துவைத்தார். பொன்னூர்மலையில் அவ்வாசாரியரின் திருவடிகளை வணங்கும் தமிழ்ச் சமணர்க்கு, இச்செய்தி ஓர் உறவுப் பாலமாக விளங்கும். பிரிவு வேற்றுமை பாராமல் அறநூல்கள் அச்சேறும் பொருட்டு, 1900இல் பரம சுருதப் பிரபாவக மண்டலத்தையும் தோற்றுவித்தார்.

இறுதி ஆண்டுகளில் வணிகத்தை விட்டு விலகினார். ஈடர் மலைக்காடுகளில் தனித்திருந்து தியானித்தார். உடல் நாளுக்கு நாள் மெலிந்தது. எலும்பும் தோலுமாய் அமர்ந்தும் நின்றும் காட்சி தரும் அவருடைய புகைப்படங்களில் கண்களின் அமைதி மட்டும் குறையவில்லை. 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ராஜகோட்டில் அவர் உடல் நீத்தார். அவ்வாண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பப் புறப்பட்ட காந்தியடிகள், பிரிவு விழாவில் தமக்கும் கஸ்தூரிபா அம்மையாருக்கும் கிடைத்த பொன்னும் வைரமும் தமக்குரியன அல்ல என்று முடிவுசெய்து, அவற்றைச் சமுதாயத்தின் பொறுப்பில் அறக்கட்டளையாக வைத்தார். நன்றியுடன் தரப்பட்ட பரிசேயாயினும் அது உண்மையில் யாருக்குரியது என்று கேட்கும் அவ்வுள்ளம், ராய்சந்த்பாயின் கடையில் கண்ட உள்ளத்தோடு ஒத்ததே.

அவ்வினா பம்பாயோடு முடிவதன்று. கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தோரின் பெயர்கள் வட்டெழுத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நின்று, எது யார் அளித்த பொருள் என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அம்மலைக்கு வடக்கே, வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில், 2022 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியுள்ளது. குழியில் இறங்கி மண்ணைச் சுரண்டும் கூலித் தொழிலாளியின் விரலில் ஒரு சங்கு வளையல் துண்டோ கண்ணாடி மணியோ படும்போது, அது எடுத்தவர் மடிக்குப் போவதில்லை. ஆழம் குறிக்கப்பட்டு, எண் இடப்பட்டு, பொதுவுடைமை ஆகிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும், மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தவறவிட்டவரைத் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. ஆயினும் கண்டெடுத்தவர் உரியவராகிவிடுவதில்லை.

அதே வட்டாரத்தில்தான் தீபாவளிக்குப் பல மாதங்கள் முன்பே பட்டாசுக்கு விலை பேசப்படுகிறது, முன்பணம் கைமாறுகிறது. இடையில் காகித விலை ஏறலாம்; மழை பெய்து உலர்களம் நனையலாம்; சரக்கு தேங்கலாம். பேசிய விலையைப் பிடித்துக்கொண்டு எதிரிலிருப்பவரை வீழ்த்தும் உரிமை சில வேளைகளில் ஒருவர் கைக்கு வந்து சேரும். ஒப்பந்தங்கள் யாவும் கிழிக்கப்பட வேண்டும் என்று ராஜசந்திரர் கற்பிக்கவில்லை. வாக்குத் தவறாமை அவருக்கும் அறமே. அந்த உரிமையைச் செலுத்துமுன் ஒருமுறை எழுந்து எதிர்க்கடைக்கு நடந்து செல்லவேண்டும் என்பதையே அவர் வாழ்ந்து காட்டினார்.

விரதங்கள் ஆலயத்தில் ஏற்கப்படுகின்றன, கடைவீதியில் சோதிக்கப்படுகின்றன. எடை குறையாத தராசும், கட்டுப்பிரிக்காமல் திருப்பித் தந்த பொட்டலமும், கிழிந்த ஒரு தாளுமாக அச்சோதனையில் நின்ற இல்லறத்தார் ஸ்ரீமத் ராஜசந்திரர். முக்தித் திருநாளில் ஏற்றும் விளக்கின் ஒளி கணக்குப் புத்தகத்தின் மீதும் படுமாயின், அப்பெருமகனாருக்குச் செலுத்தும் வணக்கம் அதுவே ஆகும்.