பாஸ்பேட்டை அளந்த டாக்டர்

கச்சிராயபாளையம் பக்கம் போயிருக்கீங்களா? கல்வராயன் மலை அடிவாரம், கோமுகி அணை, கூட்டுறவு சர்க்கரை ஆலை. கரும்புச் சாற்றில் சுண்ணாம்பு சேர்த்தால், சாற்றிலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து கால்சியம் பாஸ்பேட் வீழ்படிவாகும். அழுக்கையும் கூடவே இழுத்துக்கிட்டு அடியில் தங்கிடும். பாஸ்பேட் குறைஞ்சா சாறு சரியாத் தெளியாது. அதனால சர்க்கரை ஆலை லேப்ல அதை அளப்பாங்க. மாலிப்டேட் சேர்த்து, வர்ற நீல நிறம் எவ்வளவு அடர்த்தின்னு பார்க்கிற முறை அது.

அந்த நீல நிறத்தை நம்பகமான அளவுகோலா மாற்றிய இருவரில் ஒருவர், சென்னையில் டாக்டருக்குப் படிச்சவர். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். நம்மில் அரியர் வச்சவங்களுக்கு ஒரு தகவல்: அவர் மெட்ரிக் தேறினது மூன்றாவது முயற்சியில்தான். பிறகு மாநிலக் கல்லூரி, அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று கதர் உடையில் அறுவை சிகிச்சைக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கல. முடிவில் கிடைச்சது எம்.பி.பி.எஸ். இல்லை, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான். ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அவரோட சகோதரர்களையும் பலி வாங்கியிருந்தது.

அமெரிக்கா போய் ஹார்வர்டில் சேர்ந்தார். செலவுக்காக ராத்திரியில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. 1925ல் சைரஸ் ஃபிஸ்கேவும் அவரும் சேர்ந்து பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டாங்க. ஃபிஸ்கே–சுப்பாராவ் முறைன்னு இன்னைக்கும் அதுக்குப் பேர்.

தசைச் சாற்றில் அதைப் போட்டுப் பார்த்தப்போ ஒரு சிக்கல். நீலம் உடனே வரல, மெதுவா ஏறிக்கிட்டே போச்சு. நம்ம லேப்னா, ரீடிங் தப்புன்னு திரும்ப எடுத்திருப்போம். அவங்க காரணத்தைத் தேடினாங்க. ஏதோ ஒரு பொருள் அமிலத்தில் மெல்ல உடைஞ்சு பாஸ்பேட்டை விட்டுக்கிட்டிருந்தது. அதுதான் பாஸ்போகிரியேட்டின், 1927ல்.

1929ல் ஏ.டி.பி. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியா அதைக் கண்டுபிடித்தார். ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட்கள் ஒன்றோடொன்று கோர்த்திருக்கும். கோர்த்த பாஸ்பேட் மாலிப்டேட்டுக்குத் தெரியாது, தனியா இருக்கிற பாஸ்பேட் மட்டும்தான் நீலம் தரும். அப்போ எப்படி அளக்கிறது? முதல்ல சாற்றிலிருந்து புரதத்தை நீக்கணும். பிறகு பேரியம் உப்பைச் சேர்த்தா ஏ.டி.பி. வீழ்படிவாகும், பாஸ்போகிரியேட்டின் கரைசலிலேயே நிற்கும். பிரிச்ச வீழ்படிவைக் கரைச்சு, அமிலத்தில் சுமார் 10 நிமிஷம் சூடாக்கினா கடைசி இரண்டு பாஸ்பேட்களும் கழன்று வரும். சூடாக்குறதுக்கு முன்னாடி ஒரு ரீடிங், பின்னாடி ஒரு ரீடிங். கழித்துப் பார்த்தா கணக்கு வந்துடும்.

உயிர்களின் எரிபொருளைக் கண்டுபிடிச்சவருக்கு ஹார்வர்டு நிரந்தர வேலை தரல. 1940ல் லெடர்லி மருந்து கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் வழிநடத்திய குழுக்கள் ஃபோலிக் அமிலத்தைத் தயாரிச்சாங்க; ஸ்ப்ரூவுக்கு மருந்தானது அதுதான். யானைக்கால் நோய்க்குத் தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுத்த டைஎத்தில்கார்பமசீன் மாத்திரையும், புற்றுநோய்க்குத் தர்ற மெத்தோட்ரெக்சேட்டும் அங்கிருந்து வந்தவைதான்.

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே இறந்துட்டார். கப்பலேறிப் போனவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. 1995ல் அவர் நூற்றாண்டுக்கு இந்தியா தபால்தலை வெளியிட்டது. பிளஸ் டூவில் ஏ.டி.பி.யை விரிவாக்கி எழுதி நாம மார்க் வாங்கினோமே, அந்தப் பாடத்தில் இவர் பெயரைப் படிச்ச ஞாபகம் உங்களுக்கு இருக்கா?