இடைவெளியை அளந்தவர்

பற்றவைத்த எஃகுத் தகட்டின் மீது எந்தச் சுமையும் இல்லாதபோதும் அதனுள் இழுவிசை தங்கியிருக்கும். பொறியாளர்கள் அதை எஞ்சிய தகைவு என்பர். 1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லண்டில் அமைதியான நீரில் நின்றிருந்த ஷெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தது. குளிரில் நொறுங்கும் எஃகு, குறைபட்ட பற்றவைப்பு ஆகியவற்றோடு இந்தத் தகைவும் அப்போது பேசப்பட்டது.

கண்ணுக்குப் புலப்படாததை எப்படி அளப்பது என்ற கேள்வி பொருளியல் ஆசிரியனான எனக்குப் பழக்கமானது. அதன் வழியேதான் வில்லியம் லாரன்ஸ் பிராக்கின் வாழ்க்கையை அறிந்தேன்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1890-இல் பிறந்தவர் அவர். சிறுவயதில் முழங்கை முறிந்தபோது, அப்போதுதான் கண்டறியப்பட்டிருந்த எக்ஸ் கதிரால் தந்தையே அதைப் படமெடுத்தார். 1912-இல், கேம்பிரிட்ஜில் 22 வயது ஆய்வு மாணவராக இருந்தபோது, படிகத்தில் பட்டுத் திரும்பும் கதிரின் கோணத்தைக் கொண்டு அணு அடுக்குகளின் இடைவெளியைக் கணிக்கும் சமன்பாட்டைத் தந்தார். 1915-இல் தந்தையோடு நோபல் பரிசு பெற்றார், வயது 25. அப்போது அவர் போர்முனையில், பீரங்கி ஓசை வந்துசேரும் நேர வேறுபாட்டால் பீரங்கியின் இருப்பிடத்தைக் கண்டறிந்துகொண்டிருந்தார். இரு மாதங்களுக்கு முன்புதான் தம்பி ராபர்ட் கலிபோலியில் உயிரிழந்திருந்தார். பலரும் கண்டுபிடிப்பின் பெருமையைத் தந்தைக்கே அளித்தது அவரை நெடுங்காலம் வருத்தியது. அந்த வருத்தம் நியாயமானதே.

தகைவுக்கு உள்ளான உலோகத்தில் அணு அடுக்குகளின் இடைவெளி சற்றே மாறும். எஃகில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே ஏறத்தாழ 200 மெகாபாஸ்கல் தகைவு என்று பொருள். ஆகவே கோணத்தில் நேரும் சிறு பிழையும் விடையில் பெரிதாகிவிடும். ஆய்வுக்கூட எக்ஸ் கதிர் எஃகில் சில மைக்ரான் ஆழமே செல்வதால், சாணை பிடித்த மேற்பரப்பு சொல்வது ஒன்றாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருக்கக்கூடும். நியூட்ரான் சில சென்டிமீட்டர் ஆழம் வரை செல்லும். ஆனால் தகைவே இல்லாத நிலையில் இடைவெளி எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பற்றவைப்பில் உலோகக் கலவையே இடத்துக்கு இடம் மாறுவதால் அந்த அடிப்படை அளவே ஆட்டம் காணும். தவறான அடிப்படை ஆண்டைக் கொண்டு விலைக் குறியீட்டெண் கணக்கிட்டவர்களுக்கு இந்த அவதி புரியும். துளையிட்டு அளக்கும் முறை போன்ற வேறொன்றோடு ஒப்பிடாமல், ஒரே எண்ணை நம்பிப் பாலத்தின் உறுதிக்குச் சான்றளிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

1938 முதல் 1953 வரை கேவென்டிஷ் ஆய்வகப் பேராசிரியராக இருந்தார் பிராக். 1947-இல், ஜான் நையுடன் சேர்ந்து, ஒரே அளவான சோப்புக் குமிழ்களை நீரில் பரப்பி, உலோகப் படிகத்தில் அணு வரிசை பிசகும் இடங்களைக் கண்ணெதிரே காட்டினார். 1971-இல் மறைந்தார்.