பூமிக்குச் சங்கிலி போட்ட லாம்டன்



படத்தில் போட்ட ஒரு கோடு மனிதனை என்ன செய்யும் என்று திருத்தணிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நம் தாலுகா ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரியும் புத்தூரும் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. கோடு சரியாக விழ வேண்டுமானால் முதலில் நிலத்தைச் சரியாக அளந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி அளப்பதற்கே வாழ்க்கையைக் கொடுத்த ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் வில்லியம் லாம்டன்.

அவர் கையாண்ட வித்தை கிரேக்கர்களுடையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் எரடோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் இருந்தார். தெற்கே சையீன் என்னும் ஊரில், வருடத்தின் மிக நீண்ட பகல் அன்று உச்சிவேளையில் கிணற்றின் அடிவரை வெயில் விழும் என்று அவர் அறிந்திருந்தார். அதே வேளையில் அலெக்சாண்டிரியாவில் நட்ட கோலுக்கு நிழல் விழுந்தது. நிழலின் கோணத்தை அளந்தார். வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு! அப்படியானால் இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு வந்துவிடும். ஒரு கோணம், ஒரு தூரம், அவ்வளவுதான் கணக்கு.

சையீனில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்துக்கு ஒரு முறை. நம்ம திருத்தணிக்கு இரண்டு முறை! ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள். அன்று உச்சியில் ஒரு ரேஞ்சிங் ராடை நேராக நட்டுப் பாருங்கள், நிழல் அடியிலேயே அடங்கிவிடும்.

பிறகு கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அதே அலெக்சாண்டிரியாவில் தாலமி வந்தார். சுமார் 8000 இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை போட்டு அட்டவணை தந்தார். நம் மதுரையும் கொற்கையும் கூட அதில் உண்டு. ஆனால் தூரத்தை யார் அளந்தார்கள்? மாலுமியும் வியாபாரியும் சொன்ன பயண நாள் கணக்குதான்! அதனால் இலங்கை பல மடங்கு ஊதிப்போச்சு. இந்தியத் தீபகற்பம் சப்பையாகிப் போச்சு. பூமியையும் அவர் சிறிதாகவே எடுத்துக்கொண்டார். பூமி சின்னது, ஆசியா அகலமானது என்ற இந்தப் பழைய கணக்குகளை நம்பித்தான் 1492-இல் கொலம்பஸ் மேற்கே கப்பலை விட்டார். குறுக்கே அமெரிக்கா வந்தது! முறை சரி, தூரம்தான் தகராறு.

லாம்டன் யார்க்ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா, கனடா பக்கம் பல வருஷம் கிடந்தார். அங்கே கணிதத்தைப் பெரும்பாலும் தானாகவே புத்தகம் பார்த்துக் கற்றார். சூரிய கிரகணத்தைப் பார்க்கப்போய் ஒரு கண்ணின் பார்வையும் கெட்டது. படைப்பிரிவோடு இந்தியா வந்து, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போர் முடிந்ததும், தீபகற்பம் முழுவதையும் முக்கோணங்களால் அளக்கத் திட்டம் கொடுத்தார். பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போகவேண்டிய ஊருக்குப் போய்ச் சேரலாம், இதற்கு ஏன் இவ்வளவு செலவு என்று ஓர் அதிகாரி கேட்டதாகக் கதை உண்டு!

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அருகே முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். நூறடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் மறைப்புக் கட்டி, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து அளந்தார். சூட்டில் எஃகு நீளுமே, அந்த நீட்சியையும் கணக்கில் சேர்க்க வேண்டுமே! இப்படி நானூறு முறை அந்தச் சங்கிலி போடப்பட்டது. இன்று ஏப்ரல் 10-ஐ தேசிய நில அளவை தினமாகக் கொண்டாடுவது இதற்காகத்தான்.

அவருடைய பெரிய தியோடலைட் அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி, பாகை வட்டமே கோணிவிட்டது. வேறு யாராயிருந்தாலும் சீமைக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, ஆறு வாரம் கொஞ்சங் கொஞ்சமாக இழுத்து இழுத்து வட்டத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஒர்க்ஷாப்பில் ஃபைல் பிடித்த நமக்குத்தான் அந்த ஆறு வாரத்தின் அருமை தெரியும்!

பலன் என்ன? சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று பழைய படங்கள் காட்டின. அளந்து பார்த்தால் 360 தான்! குமரிமுனைப் பக்கமிருந்து பீதர் வட்டாரம் வரை ஏறத்தாழ 10 டிகிரி நீளத்துக்குத் தீர்க்கரேகை வில்லை அளந்து, எரடோஸ்தனீஸ் கேட்ட அதே கேள்விக்கு அவரைவிடப் பலமடங்கு நுட்பமான விடை தந்தார்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த அளவை கம்பெனி ஆட்சி வேரூன்றவும் உதவியது. கருவியை மலைமலையாகத் தூக்கியவர்களும், கொடி பிடித்து நின்றவர்களும், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்களும் பெரும்பாலும் நம் நாட்டு ஏழைகள். அவர்கள் பெயர் எந்தப் படத்திலும் இல்லை.

1823 ஜனவரி 20. வேலை வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும்போதே, மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் லாம்டன் காலமானார். பின்னால் வந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர் 1865-இல் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு வைக்கப்பட்டது. லாம்டன் பெயரில் அப்படி ஒரு சிகரம் இல்லை.

டிப்ளமோ படித்தவன் வெறும் களவேலைக்காரன்தானே என்று யாராவது இளக்காரமாகப் பார்த்தால், நண்பர்களே, இந்த மனிதரின் கதையைச் சொல்லுங்கள். நல்ல யோசனை ஒன்று இரண்டாயிரம் வருஷம் காத்துக் கிடந்தது. எதற்காக? வெயிலில் நின்று, அங்குலம் பிசகாமல் அளக்கும் ஒரு ஜோடிக் கைக்காக!